பை மட்டும் போதும்ணே

வெற்றிசெல்வன்: பைய மட்டும் குடுத்தா எப்படி தங்கச்சி? பிள்ளையையும் குடுங்க, மடியில வச்சுக்கிறேன்.

சத்யபிரியா: பை மட்டும் போதும்ணே.

வெற்றிசெல்வன்: ஒரு கையில தூங்குற பிள்ள, ஒரு கையில கம்பி... டிரைவர் ஒரு பிரேக் போட்டாருன்னா ரெண்டு பேரும் கீழ கெடப்பீங்க.

சத்யபிரியா: விழ மாட்டேன்.

கண்டக்டர்: அறந்தாங்கில ஏறுனவங்க டிக்கெட்... ஏம்மா, கைப்பிள்ளையோட நிக்கிறியே, முன்னாடி உக்காந்திருக்க பொம்பளைங்ககிட்ட குடுக்கலாம்ல?

சத்யபிரியா: இந்தக் கூட்டத்துல அங்கிட்டு எப்படிப் போறது? ஒரு மணமேல்குடி குடுங்க.

கண்டக்டர்: அப்ப இந்த அண்ணன்கிட்டயாச்சும்...

சத்யபிரியா: டிக்கெட்ட மட்டும் குடுங்க சார்.

வெற்றிசெல்வன்: எந்திரிச்சு எடம் விட்டுருவேன். கால்ல பிளேட்டு வச்சிருக்கு, நிக்க முடியாது.

சத்யபிரியா: நான் ஒண்ணும் கேக்கலையேண்ணே.

வெற்றிசெல்வன்: நீங்க கேக்கல. நாந்தான் கேக்குறேன், மூணாவது தடவ.

சத்யபிரியா: எத்தன தடவ கேட்டாலும்... ஆத்தாடி!

வெற்றிசெல்வன்: பாத்து, பாத்து! பிள்ளையோட தலை கம்பில இடிச்சிருக்கும். இப்பவாச்சும்...

சத்யபிரியா: விடுங்கண்ணே! இத்தன ஆம்பளைங்க இருக்காங்க, யாராச்சும் வாயத் தொறக்குறாங்களா? எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டு இருக்காங்கள்ல? நீங்களும் அப்படி இருங்களேன்.

வெற்றிசெல்வன்: எம் பொண்டாட்டியும் அதத்தான் சொல்றா. எந்தப் பிள்ள அழுதாலும் திரும்பிப் பாக்காதீங்கங்கிறா.

சத்யபிரியா: சொன்னாக் கேக்க வேண்டியதுதானே?

வெற்றிசெல்வன்: முடியலையே.

சத்யபிரியா: கால் எப்படி ஒடஞ்சுச்சு?

வெற்றிசெல்வன்: அது... வண்டில இருந்து விழுந்துட்டேன்.

சத்யபிரியா: பொய் சொல்றீங்க.

வெற்றிசெல்வன்: என்னது?

சத்யபிரியா: திருவிழாக் கூட்டத்துல, வழிதவறி அழுத பிள்ளையத் தூக்கிட்டு வந்தீங்க. பிள்ள பிடிக்கிறவன்னு அடிச்சாங்க.

வெற்றிசெல்வன்: ...தெரியுமா? அதான் குடுக்க மாட்டேங்கிறீங்களா? அந்தப் பிள்ளையோட அம்மாவே ஓடி வந்து, இவரு காப்பாத்துனவருன்னு கும்புட்டாங்க தங்கச்சி. அதுக்குள்ள காலு போச்சு. நீங்க பயந்துக்காதீங்க, இனிமே கேக்கல. ஆனா ஒண்ணு... நாளைக்கு வேற யாராச்சும் பிள்ளையோட நின்னாங்கன்னா, அவங்ககிட்டயும் கேப்பேன். அத மட்டும் என்னால விட முடியாது.

சத்யபிரியா: பயமெல்லாம் இல்லண்ணே. ஏறுனதுமே ஒங்கள அடையாளம் தெரிஞ்சுபோச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பிள்ளைய ஒங்க கையில குடுப்பேன்? அன்னைக்கு நீங்க அந்தப் பிள்ளையத் தூக்கிட்டு வந்த போட்டோவுல, “பார்த்தால் விடாதீர்கள்”னு எழுதி நாலு வாட்ஸப் குரூப்புக்கு அனுப்புனது நாந்தாண்ணே... பிடிங்க, தலையத் தாங்கிக்கங்க.