கேட்டுத்தான் எடுப்பேன்

முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுக்கப் போகும்போது நான் முதலில் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிடுவேன். வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்த பிறகுதான் அதை முன்னால் எடுப்பேன். இது பற்றி மதுரையிலும் சென்னையிலும் வகுப்பு நடத்தியிருக்கிறேன். முடிவில் சான்றிதழும் உண்டு. நீங்கள் எழுதித் தரச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

வள்ளித்தாயை விஸ்வநத்தத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனி வேனுக்காக நின்றிருந்தார். ஏழு நாள் போய் வணக்கம் மட்டும் சொன்னேன். எட்டாம் நாள்தான் கேட்டேன்.

"இம்புட்டு மரியாதையா எங்க வீட்டுக்காரரே பேசுனதில்ல" என்று பக்கத்தில் நின்ற வேல்விழியிடம் சொல்லிச் சிரித்தார். "எடுங்க அண்ணாச்சி. ஆதார் கார்டுல பேய் மாதிரி இருக்கேன். வீட்ல மாட்ட நல்ல படமா ஒண்ணு வேணும்."

விலக்கில் எடுத்த படங்கள் சுமார்தான். அலுமினியப் பொடி ஏறிப்போன அந்தக் கைகளை வேலை நடக்கும் இடத்தில் எடுக்க வேண்டும் என்று பட்டது. போர்மேன் பலவேசத்திடம் பணிவாகக் கேட்டேன். முதலாளி ஊரில் இல்லாத வியாழக்கிழமை வரச் சொன்னார். செல்போன் கூடாது என்றார், வண்டியிலேயே வைத்தேன். பிளாஷ் கூடாது என்றார், கழற்றினேன். செருப்பையும் வெளியே விட்டேன். விதிகளை மதிப்பவன் நான்.

பட்டாசு மருந்து அறைக்கு நான்கு பக்கமும் கதவு. ஏதாவது என்றால் எந்தப் பக்கமும் ஓடலாம், அதற்காக. ஆனால் நான்கும் திறந்து கிடந்ததால் வெளிச்சம் சிதறி முகங்கள் தட்டையாகத் தெரிந்தன. மூன்றைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

வள்ளித்தாய், வேல்விழியோடு அங்கே வேலை பார்த்த இளையவர் அனுப்பிரியா, "சாத்தக் கூடாதுல்லக்கா" என்றார்.

"அஞ்சு நிமிசந்தான ஏட்டி. அண்ணாச்சி எம்புட்டு பதவிசாக் கேக்காக" என்றார் வள்ளித்தாய்.

நான் கட்டாயப்படுத்தவில்லை. மூவரும் சம்மதித்தார்கள். காற்றுக்குக் கதவுகள் வெளிப்பக்கம் திறந்துகொண்டே இருந்ததால் வெளியிலிருந்து கதவுக்கொரு கல்லாக முட்டுக் கொடுத்தேன். திறந்திருந்த நான்காவது வாசலில் கேமரா ஸ்டாண்டை விரித்தேன். வேலையை நிறுத்த வேண்டாம், கையைப் பார்க்காமல் என்னைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பார்த்தார்கள். வெளிச்சம் மிக அழகாக விழுந்தது. யார் கையில் எது உராய்ந்தது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரிந்திருக்காது, என்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்து தீப்பற்றியதும் நான் வெளியே பாய்ந்து மேற்குப் பக்கமாகச் சுற்றி ஓடினேன். ஸ்டாண்டு வாசலிலேயே நின்றது. அனுப்பிரியா அதில் இடறி விழுந்தார் என்றும் வேல்விழி அவர்மேல் விழுந்தார் என்றும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

மேற்குக் கதவை உள்ளிருந்து தட்டினார்கள். வள்ளித்தாயின் குரல். "அண்ணாச்சி, கல்லை எடுங்க. கல்லை எடுங்க அண்ணாச்சி."

அந்த நேரத்திலும் 'எடுங்க' என்றுதான் சொன்னார். நாம் பழகுகிறபடிதான் மற்றவர்களும் நம்மிடம் பழகுவார்கள் என்று வகுப்பில் சொல்வேன்.

கதவு இரண்டு விரற்கடை திறந்து கல்லில் முட்டி நின்றது. இடுக்கில் விரல்கள் வந்தன. வெள்ளிப் பொடி பூசிய அதே விரல்கள், பின்னால் ஆரஞ்சு வெளிச்சம். அத்தனை நாளும் தேடிய படம் அது. கல் என் காலடியில்தான் கிடந்தது. ஆனால் கழுத்தில் கிடந்த இன்னொரு கேமரா என் இரண்டு கைகளிலும் இருந்தது.

செய்தித்தாளில் அவருடைய ஆதார் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். அவருக்குப் பிடிக்காத படம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மற்றபடி என் பக்கம் ஒரே ஒரு தவறு நடந்திருக்கிறது, அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசிப் படத்துக்கு நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை.