ஆற்றோரத்து அமைதி

ஆற்றோர ஓட்டலில் இரண்டு நாள் அமைதியாகக் கிடக்கலாம் என்று கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறியிருந்தேன். முன் இருக்கையில் மலைக்காரப் பெண் ஒருத்தி. அவளுக்குப் பக்கத்து வரிசையில், அவளிடம் சாமை வாங்கும் கடைக்கார பாய்.

"கொரங்குக்குக்கூட இப்ப சாமை புடிக்கல பாய். பூரி கேக்குது" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"ஆத்தோரம் ஓட்டல் கட்டிக்கீறாங்க இல்ல, அமைதிக்குன்னு. நாங்க சாமைக் காட்டுல தகரம் தட்டி கொரங்கு வெரட்டுறது அங்க வந்தவங்களுக்குத் தொந்தரவாம். மேனேஜரு வந்து நிறுத்தச் சொன்னாரு."

"நிறுத்திட்டீங்களா?"

"பெரிய மனுசங்க கேக்கறாங்களேன்னு நிறுத்தினோம். பாதி சாமை போச்சு."

பாய் உச்சுக் கொட்டினார்.

"அப்புறம் கொரங்குங்க ஆத்துப் பக்கம் எறங்கிச்சு. அங்க ஓட்டலுக்கு வந்தவங்க புல்லு மேல உக்காந்து கண்ண மூடிக்கினு தியானம் பண்றாங்க. பக்கத்துல பூரியும் கெழங்கும். அத வுட்டுட்டு எங்க காட்டுக்கு எதுக்கு வரப்போவுது?"

"அதுவும் சரிதான்."

"இப்ப காலையில தியானத்துக்கு வந்தவங்கதான் தட்டத் தட்டிக்கினு கத்தறாங்க. நேத்து மேனேஜரு ஓடியாந்தாரு. தகரத்த எடுத்துக்கினு அங்க வாங்கன்னு கெஞ்சறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஓட்டல் பக்கம் சத்தம் ஜாஸ்தியா கீது. மிச்ச சாமையாவது அமைதியா வெளையட்டும், கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்கன்னு சொன்னேன்."