எங்கள் முறை நாள்

ஓடுகிறோம். தீ கீழிருந்து ஏறி வருகிறது. மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. மூங்கில் வெடிக்கிறது. படார். கொஞ்சம் நின்று, படார் படார். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இலங்கைக் கலவரத்தில் எங்கள் தோட்டத்து லயத்தை, கூலிகளின் வரிசை வீடுகளை, கொளுத்தினார்கள். கூரைத் தகரம் இப்படித்தான் வெடித்தது. அன்றைக்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடியவள் ராசாத்தி. ஒரே கப்பலில் வந்தோம். ஆடலூருக்கு மேலே ஒரே சரிவில் குடியேறினோம். நான் மேலத்தெரு. அவள் கீழத்தெரு.

எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை நானே எழுத வேண்டும்.

சில வருடமாக மழை அதன் மாதத்தில் வருவதில்லை. வந்தால் ஒரே நாளில் கொட்டி மண்ணை அள்ளிப் போகிறது. சோலை ஊற்று நூலாக இளைத்துவிட்டது. இரண்டு தெருவுக்கும் அது ஒன்றுதான். குழாயை வெட்டினார்கள். மண்டை உடைந்தது. ஊற்றுக்குப் போலீஸ் காவல் நின்றது. பிறகு சமாதானக் கூட்டம். ஒரு நாள் மேலத்தெரு முறை, மறுநாள் கீழத்தெரு முறை. வால்வுப் பெட்டிச் சாவியை இரண்டு தெருவும் நம்பி என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அதில் பெருமை. இடுப்பில் செருகியே வைத்திருப்பேன்.

அந்தச் செவ்வாய் எங்கள் முறை. ராசாத்தி மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"அடியே பார்வதி, தீ ஓடையத் தாண்டிருச்சு! வெரசா தண்ணியத் தொறந்து விடு! கூரைய நனைக்கணும்!"

"இன்னைக்கு எங்க மொறைடி. தெருவக் கேக்காம எப்படித் தொறப்பேன்?"

"நெருப்பு மொற பாத்தா வருது, கலெக்டரம்மா?"

சுருக்கென்றது. சாவியை எடுக்கவில்லை. தெருவில் கேட்கப் போனேன். முதல் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாம் வீட்டில் யோசித்தார்கள். உலை கொதிக்கும் நேரம் போயிற்று. சண்டை வரக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. அன்றைக்கும் சண்டை வரவில்லை.

அவள் காத்திருக்கவில்லை. ஆட்டை அவிழ்க்க இறங்கிவிட்டாள்.

அவர்கள் சரி என்ற பிறகுதான் திறந்தேன். குழாயில் முதலில் காற்று. புஸ். அப்புறம் தண்ணீர். கீழே புகை மூடிவிட்டது.

"ஏலே, எல்லாத்தையும் விட்டுட்டு ஏறி வாங்க!"

கத்தினேன். வந்தவர்களோடு ஓடினேன். சாலையில் நின்று எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

போனது இவ்வளவு. கீழத்தெருவில் பதினாறு வீடு. மிளகுக்கொடி அத்தனையும். மாடு இரண்டு. ஆடு ஒன்றும் சாகவில்லை. அவிழ்த்து விட்டிருந்தாள். ஆள் ஒன்று. ராசாத்தி.