மரியத்தின் கண்கள்

காலை பதினொரு மணி. வியாழக்கிழமை. சைரன்.

மேசைக்குக் கீழே கிடக்கிறேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. விரல்கள் காதுக்குள். வாய் திறந்தபடி. முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல் பிடித்திருக்கிறேன். வன்னியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை அது. வாயை மூடினால் காதுச் சவ்வு கிழியும். நெஞ்சு நிலத்தில் முட்டினால் அதிர்வு உள்ளே போகும்.

"குத்துறான்! படுங்கோ! ஒருத்தரும் தலையைத் தூக்காதேங்கோ!"

கத்தியது நான். தமிழில். ஜெர்மனியில், பான் நகரத்துத் தேவாலய மண்டபம் ஒன்றில். வியாழன்தோறும் பெண்கள் கூடிப் படம் வரையும் இடம் அது. ஆறு பெண்கள் தூரிகையோடு நிற்கிறார்கள். யாரும் படுக்கவில்லை.

ஒருத்தியைத் தவிர. அவளும் மேசைக்குக் கீழே இருந்தாள். பெயர் ஹவா. சூடான்காரி. டார்ஃபூர் பக்கம். அவளுக்கும் விரல்கள் காதில். அவளுக்கும் வாய் திறந்தபடி. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் இடையில் ஒரு சாண். கண்ணை மூடாமல் என்னையே பார்த்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. எட்டு. ஒன்பது.

சைரன் ஒரு நிமிடம் ஏறி இறங்கியது. எல்லோருடைய கைபேசிகளும் சேர்ந்து அலறின. பிறகு, வகுப்பை நடத்தும் ஃபிராவ் லெம்கே குனிந்து எட்டிப் பார்த்தார். சோதனையாம். ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பரில் இரண்டாவது வியாழன், நாடு முழுக்க. எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது.

நல்ல மனுசி. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஹவா வெளியே வந்தாள். உடுப்பைத் தட்டினாள். பெரிதாகச் சிரித்தாள். எல்லோரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். அப்போது வந்தது கோபம். இவளுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது?

இதை நான் எழுதுவது அந்தச் சைரனுக்காக இல்லை. ஏழு கிழமை கழித்து, நவம்பரில், நான் செய்த ஒரு வேலைக்காக. அதற்கு முன் நான் எதை எண்ணினேன் என்று சொல்ல வேண்டும்.

2009. சித்திரை மாதம். முள்ளிவாய்க்கால் கடற்கரை. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து.

முதலில் குத்துற சத்தம் கேட்கும். ஷெல் புறப்படும் சத்தம். தூரத்தில் யாரோ உலக்கை போடுகிற மாதிரி. அதிலிருந்து எண்ண வேண்டும். பதினொன்று வரை போனால் எங்களைத் தாண்டிக் கடலில் விழும். ஒன்பதில் நின்றால் எங்களுக்கு. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தது நிலூஜா. என் மகள். ஒன்பது வயது. சத்தமாக எண்ணுவாள். பக்கத்துப் பங்கர்களில் இருப்பவர்களும் அவள் குரலைக் கேட்டுத்தான் தலையைத் தூக்குவார்கள்.

கடற்கரை மணல். பங்கர் வெட்ட வெட்டச் சரியும். மண்மூட்டை அடுக்க வேண்டும். உரப் பை முடிந்துவிட்டது. எல்லோரும் சேலைகளைத் தைத்தோம். நான் ஆறு சேலை தைத்தேன். கூறைச் சேலையும் அதில் போனது. கடைசியாக, நிலூஜா தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியபோது போட்ட சட்டை. வெள்ளை. கையையும் கழுத்தையும் தைத்து மூடினால் சின்னதாக ஒரு மூட்டை.

"அம்மா, என்ர சட்டையை வாசல்ல வையுங்கோ. வெள்ளை தெரிஞ்சா அடிக்க மாட்டாங்கள்."

வாசலில் வைத்தேன்.

அன்றைக்கு ஒன்பதில் நின்றது. ஷெல் பீஸ் அந்தச் சட்டை மூட்டைக்குள்ளால் வந்தது. எல்லா மூட்டையிலும் அதில்தான் மண் குறைவு. நிலூஜா வாயைத் திறந்தபடி, விரல்களைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம். பிறகு பார்க்கவில்லை.

என் கணவர் அன்ரன் ஒரு மாதத்துக்கு முன்பே போய்விட்டார். கஞ்சி வரிசையில் ஷெல் விழுந்து. படங்கள் இருந்த ஆல்பம் வட்டுவாகல் நீரேரியைக் கடக்கும்போது பையோடு தண்ணீரில் போனது. பிள்ளையின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உறவுக்காரர் ஒருவரிடமும் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் மூக்கு. பிறகு கன்னம். "உன்னை உரிச்சுப் படைச்ச மாதிரி, கண் அப்பிடியே உன்ர கண்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பான் நகரத்துக்கு வந்த பிறகு கண்ணாடியில் தேடினேன். அதில் இருந்தது ஒரு துப்புரவுக்காரியின் களைத்த கண். பயந்த பிள்ளையின் கண் அதில் வரவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று யார் பயப்படுகிறார்கள்?

இனி ஹவா.

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னை அந்த வகுப்புக்குக் கூட்டிப்போனது என் மாடிக்குக் கீழ் இருக்கும் புஷ்பமக்கா. "நித்திரை வரேல்லை எண்டு சொல்லிச் சொல்லி என்ர உயிரை எடுக்கிறாய். வா, படம் கீறுவம், மனம் ஆறுமாம்" என்றார். வியாழன் காலையில் அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைப்பதே என் வேலை. கதவுத் திறப்பும் என்னிடம்தான். சரி என்று இருந்துவிட்டேன்.

நான் தென்னை மரம் கீறினேன். வீடு கீறினேன். ஃபிராவ் லெம்கே "ஷோன்" என்றார். அழகு என்று அர்த்தம். அடுத்த படத்துக்குப் போகிறேன் என்றும் அர்த்தம். ஹவாவின் படத்துக்கு முன்னால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நிற்பார். மூச்சு விடுவார். மூக்கைத் துடைப்பார்.

ஹவா பெண்களை மட்டும்தான் வரைவாள். தெருவோரம் தேத்தண்ணி விற்கும் பெண். பிள்ளை பெறும் பெண், அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் நாலு பெண்கள். தண்ணீர்க் கானோடு வரிசையில் குந்தியிருக்கும் பெண்கள். படகில் முதுகோடு முதுகு சாய்ந்த பெண்கள். கறுப்பை எடுத்து அதற்குள் நீலம், மண்ணிறம், ஊதா எல்லாம் விட்டுத் தோலுக்கு நிறம் செய்வாள். ஈர நிறத்தின் மேல் சாப்பாட்டு முள்ளுக்கரண்டியால் இழுப்பாள். மெல்லிய மெல்லிய பின்னல்கள் வரும். எங்கள் ஆட்கள் யாராவது முள்ளுக்கரண்டியால் படம் கீறியிருப்பார்களா? அதிலும் எனக்கு எரிச்சல்.

அவள் உடுத்துவது நாலரை மீற்றர் துணி. சேலை மாதிரித்தான். கொசுவம் இல்லை. முதல் நாள் அதைப் பார்த்தவுடன் என் தலைக்குள் ஓடியது இதுதான்: இதில் மூன்று மண்மூட்டை தைக்கலாம்.

ஒரு நாள் இடைவேளையில் சொன்னாள். நாங்கள் இருவரும் பேசுவது உடைந்த ஜெர்மன். தமிழில் எழுதுகிறேன். "முன்பு நான் தூங்க மாட்டேன், றெஜினா. இப்போது படம் வரைந்தால் அன்று தூங்குகிறேன். குழந்தை மாதிரி."

அவள் படத்துக்குக் கிடைத்த பெயரைக்கூடப் பொறுத்திருப்பேன். நித்திரையைப் பொறுக்க முடியவில்லை. அவளும் ஓடி வந்தவள். நானும் ஓடி வந்தவள். அவளுக்கு மட்டும் ஏன் ஆறுகிறது?

"அந்தப் பிள்ளையின்ர கையில என்னவோ கிடக்கு" என்றார் புஷ்பமக்கா, திரும்பி வரும்போது ட்ராமில். "அந்த மனுசிக்குக் கடவுள் குடுத்திருக்கிறார்."

"எனக்கு என்னத்தைக் குடுத்தவர்?" என்றேன்.

சைரனுக்கு மூன்றாவது கிழமை ஹவா ஒரு பெரிய படத்தைத் தொடங்கினாள். ஒரு பெண்ணின் முகம் மட்டும். தலையில் மஞ்சள் துணி. அவளுடைய தங்கை மரியம். சகாராவில், ஆட்கள் அடைந்த லொறியின் மேலிருந்து மரியம் விழுந்தாள். பட்டப்பகல். எல்லோரும் கத்தினார்கள். லொறி நிற்கவில்லை. ஹவா சொன்னது அவ்வளவுதான்.

கண்கள் கடைசியாக வந்தன. வந்த அன்று எல்லோரும் தூரிகையை வைத்துவிட்டு வந்து படத்தைச் சுற்றி நின்றார்கள். விரிந்த கண். உள்ளே ஒரு வெளிச்சம். பயமா, கேள்வியா என்று பிரிக்க முடியாத பார்வை. கடைசியாக ஒருத்தரைப் பார்க்கிற பார்வை. எங்கோ பார்த்த கண் போலவும் இருந்தது. அதை நான் ஆராயவில்லை. பொறாமை ஆராய விடாது. என் தலைக்குள் ஒன்றுதான் நின்றது. இவளுக்குத் தங்கையின் கடைசிப் பார்வை ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பெற்ற பிள்ளையின் பார்வை இல்லை.

நவம்பர் முதல் ஞாயிறு எங்கள் படங்களின் கண்காட்சி. மரியத்தை வாசலுக்கு நேரே மாட்டுவதென்று முடிவானது. அதற்கு முந்திய வியாழன். காலை ஒன்பது இருபது. மண்டபத்தில் நான் மட்டும். தரை துடைத்தாயிற்று. மரியம் படத்தாங்கியில் நிற்கிறாள். என்னைப் பார்க்கிறாள். நான் வாளியை நகர்த்தினேன். அப்போதும் பார்த்தாள்.

"என்னத்தைப் பாக்கிறாய்?" என்று கேட்டேன். சத்தமாக.

தட்டையான தூரிகை ஒன்றை எடுத்தேன். கறுப்பு. இடமிருந்து வலம். ஒரு இழுவை. இரண்டு கண்ணும் போயின.

அக்ரிலிக் நிறம் கால் மணித்தியாலத்தில் காயும். அதற்குள் ஈரத் துணியால் துடைத்தால் கீழே இருப்பது தப்பும். எனக்கு அது தெரியும். என் கையில் ஈரத் துணி இருந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது இருபத்தைந்து. ஒன்பது முப்பது. ஒன்பது நாற்பது. நின்றுகொண்டிருந்தேன். இதை நான் சாட்சியாகச் சொல்கிறேன். எனக்குக் கால் மணித்தியாலம் இருந்தது.

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். ஃபிராவ் லெம்கே கையை வாயில் வைத்தார். புஷ்பமக்கா, "ஐயோ மாதாவே, ஆர் செய்தது?" என்று அலறினார். ஹவா கிட்டப் போய் விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அரபியில் ஏதோ சொன்னாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"நான்" என்றேன்.

புஷ்பமக்கா என்னை விட்டு ஒரு அடி பின்னால் போனார்.

"ஏன்?" என்றாள் ஹவா.

"நீ தூங்குகிறாய். உனக்கு அவளின் கண் ஞாபகம் இருக்கிறது. எனக்கு இல்லை. என் மகளின் கண் எனக்கு இல்லை."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கதிரையில் குந்தினாள்.

"மரியத்தின் கண் எனக்கும் இல்லை" என்றாள். "அவள் விழுந்தபோது நான் பார்க்கவில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு முகமும் போய்விட்டது. அதனால்தான் அன்றைக்கு நான் கண்ணை மூடவில்லை. சைரன் அடித்த நாள். மேசைக்குக் கீழே. நான் பார்த்தது உன் கண், றெஜினா. அதைத்தான் படத்தில் அவளுக்கு வைத்தேன்."

உன் கண்.

அப்பிடியே உன்ர கண்.

விரல்கள் காதில். வாய் திறந்தபடி. ஒன்பது வரை எண்ணிய முகம். மூன்று கிழமையாக எனக்கு முன்னால் நின்றது யார் என்று அப்போதுதான் தெரிந்தது. பதினாலு வருடத்துக்கு மேலாகத் தேடிய பார்வை. நான் வாளியை நகர்த்தும்போதும் என்னைப் பார்த்த பார்வை. அதைத்தான் என்னத்தைப் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

ஈரத் துணியை எடுத்துத் தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். கறுப்போடு கீழே இருந்ததும் உரிந்து வந்தது. "விடு பிள்ளை, விடு, கிழியப் போகுது!" என்று புஷ்பமக்கா என் கையைப் பிடித்தார். நான் நிலூஜா, நிலூஜா என்று கத்தினேனாம். இந்த நாட்டில் அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹவா என்னைக் கதிரையில் இருத்தினாள். முன்னால் தானும் இருந்தாள். ஒரு சாண் தூரம். "பார். என்னைப் பார்" என்றாள். மதியம் வரை பார்த்தாள். வரைந்தாள். அழித்தாள். திரும்ப வரைந்தாள். கண் வந்தது. நல்ல கண்தான். ஆனால் அது அழுத கண். சைரன் கேட்ட கண் இல்லை. அவளுக்கும் தெரிந்தது.

தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அடுத்த செப்டம்பர். இரண்டாவது வியாழன். பதினொரு மணி. மேசைக்குக் கீழே வா. திரும்ப எடுக்கிறேன்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தாள். முகம் நனைந்திருந்தது. அந்தச் சிரிப்பின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஞாயிறு படம் வாசலுக்கு நேரே தொங்கியது. பெயர்ச் சீட்டில் ஹவா அரபியில் மரியம் என்று எழுதினாள். பேனையை என்னிடம் தந்தாள். கீழே தமிழில் நிலூஜா என்று எழுதினேன். அவளுடைய எழுத்துத்தான் வடிவு. வந்தவர்கள் கண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். முதல் கண்ணைப் பார்க்காதவர்கள். அன்றைக்கு எனக்கு நித்திரை வந்ததா என்று புஷ்பமக்கா கேட்டார். வரவில்லை.

இழந்தவற்றை எண்ணி வைக்கிறேன். மறந்துபோகக் கூடாது.

கணவர் ஒருவர். மகள் ஒருத்தி. ஹவாவின் பக்கத்தில் தங்கை ஒருத்தி. சேலை ஆறு. வெள்ளைச் சட்டை ஒன்று. ஆல்பம் ஒன்று. இவ்வளவும் போர் எடுத்தது.

கண் இரண்டு. அதைப் போர் எடுக்கவில்லை. ஷெல் எடுக்கவில்லை. பான் நகரத்தில், ஒரு சத்தமும் இல்லாத வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு, கையில் ஈரத் துணியோடு நின்று அதை எடுத்தது நான். றெஜினா. நிலூஜாவின் அம்மா.