அரைச் சம்பளக் காயம்

காலையில் கட்டு மாற்றுவது என் வேலை. வெந்நீர் வைப்பேன். பழைய வேட்டியைக் கிழித்து, வேகவைத்து, காயப்போட்டு எடுத்துவைப்பேன். இவ்வளவு சுத்தமாக யார் கட்டினது என்று ஆஸ்பத்திரி நர்சே ஒருநாள் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் இசக்கியப்பன் தூத்துக்குடித் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி ஏற்றுகிறவர். உலகச் சண்டை முடிந்த வருஷம், தோணியில் இறக்கும்போது சங்கிலி அறுந்து ஒரு பொதி அவருடைய வலது கையை நசுக்கியது. எலும்பு கூடிவிட்டது, புண் ஆற நாளாகும் என்றார் டாக்டர். கம்பெனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைச் சம்பளம் கொடுத்தது. நாங்களும் மகள் பகவதியும் அதில் கஞ்சி குடித்தோம்.

மூன்றாம் மாதம் புண் வாய் மூடி வந்தது. அவரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. உப்பளத்தில் காவல் வேலை கேட்டார், வரச் சொல்லிவிட்டார்கள். நான் கம்பெனி குமாஸ்தாவிடம் போய் விசாரித்தேன். வேறு வேலையில் சம்பாதித்தால் அதற்குத் தக்கபடி இதைக் குறைப்போம், கை ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதினால் அடியோடு நிறுத்துவோம் என்றார். மழை பிடித்து உப்பள வேலை நின்றுபோனால் மறுபடி கொடுப்பீர்களா என்று கேட்டேன். மனுப் போட்டுப் பார் என்றார்.

மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் சொன்னபோது அவர் சிரித்தார்.

"ஏளா, இருந்த எடத்துல எத்தன நாளைக்குத் திங்க? கம்பு புடிச்சு நிக்க ஒத்தக் கை போதும்னுதான சொல்லுதாவ. தைக்குப் பொறவு பொதி தூக்கவே போயிருவேன்."

சரி என்றேன். மறுநாள் மருந்தோடு இரண்டு சொட்டு எருக்கம்பால் சேர்த்தேன். டாக்டர் பார்க்கிற அந்த ஒரு தடவைக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். புண் சிவந்து திறந்தது. இன்னும் ஒரு மாதம் என்று டாக்டர் எழுதினார். உப்பளத்தில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

அடுத்த மாதமும் ஊற்றினேன். மழை விடட்டும் என்று பார்த்தேன். மழை விட்டதும் பகவதிக்குக் காய்ச்சல் வந்தது, அது சரியாகட்டும் என்று பார்த்தேன். எரிகிறது என்பார். மருந்து என்றால் எரியத்தான் செய்யும் என்பேன். அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டப் பழகிக்கொண்டேன்.

மாசியில் கை முழங்கை வரை கறுத்து வீங்கியது. எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"செல்லத்தாயி, நீ வேற எதுவும் வைக்கலயே?"

இல்லை என்று தலையாட்டினேன். போர்வையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டார்.

"டாக்டர் கேட்டா, நாந்தான் ஏதோ பச்சில வச்சேன்னு சொல்லிருதேன்."

அப்படியே சொன்னார். கையை எடுத்த மூன்றாம் நாள் இறந்துபோனார்.

வேலையில் பட்ட காயத்தால் வந்த சாவு என்று கம்பெனியே எழுதிக்கொடுத்துவிட்டது. நஷ்டஈட்டுக்குக் கைநாட்டு வைக்கத்தான் என்னை இந்தச் சர்க்கார் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். காயத்தால் வந்த சாவு இல்லை, ஐயா. நான்தான் அவரைக் கொன்றேன். அந்தப் பணத்தைத் தொட எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் தொட மாட்டேன்.

பகவதி பேருக்கு எழுத வழி இருந்தால், இப்போது நான் சொன்னதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள்.