கண்ணாடித் தடுப்பு

மீனுக்குத் தீனி அதிகம் போடக்கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் ஆள் ஒருவர் நேற்றுப் பாசத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டிருக்கிறார். தொட்டித் தண்ணீர் கெட்டுவிடும். அந்த மாதிரி மீன் இந்தக் காஜா பெராங் வட்டாரத்தில் வேறு யார் வீட்டிலும் கிடையாது.

ஆப்பிரிக்கா மீன். படகுத்துறையில் வேலை பார்க்கும் என் மகன் கருணாகரன், மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம் ஒரு கப்பல்காரனிடம் வாங்கி வந்தான். உடம்பெல்லாம் குங்குமச் சிவப்பு, மேலே நீலப் பொட்டு. வாங்கியவன் அவன், வளர்த்தவள் நான். அழகு எவ்வளவோ அவ்வளவு மூர்க்கம். பிடிக்காத நாளில் ஆண், பெட்டையைக் கடித்தே கொன்றுவிடும். அதனால் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைப்பேன். கோபம் தணிந்ததும் எடுத்துவிடுவேன்.

வீட்டிலும் ஒரு தடுப்பு இருந்தது. அது நான்தான். கருணாகரன் நல்ல பிள்ளை, ஆனால் கள் உள்ளே போனால் கை நீளும். அவன் தள்ளாடி வருவது தெரிந்தால், மருமகள் ருக்மணியை அறைக்குள் விட்டு வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. கதவை உதைப்பான், ஓய்ந்துபோய்ப் படுப்பான். "நீங்க இல்லன்னா நான் எப்பவோ செத்திருப்பேன், அத்த" என்பாள். உண்மைதான். அவளை நன்றி கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன்.

போன மாதம் சிங்கப்பூர் பேச்சை எடுத்தாள். அங்கே அவள் அண்ணன் இவனுக்கு வேலை பார்த்துத் தருவானாம், கள்ளுக்கடைச் சகவாசம் விட்டுப்போகுமாம். இவனும் தலையாட்டினான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. என்னையும் வரச் சொன்னாள், பந்தி முடிந்த பிறகு மிச்சத்தைப் பரிமாறுவது போல. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

இந்த வாரம் பெட்டை ஒரு கல்லில் முட்டையிட்டிருந்தது. அந்தக் கல்லை யாராவது புரட்டினால், ஆண் மீன் புரட்டிய கையைத் தேடாது. பக்கத்தில் இருக்கிற பெட்டையைத்தான் கொல்லும். வியாழக்கிழமை மத்தியானம் ருக்மணி துணி உலர்த்தப் போனாள். நான் கல்லைப் புரட்டினேன். பொழுது சாய்வதற்குள் பெட்டை கண்ணில்லாமல் மிதந்தது.

கருணாகரன் குடித்துவிட்டு வந்தான். ருக்மணி வழக்கம்போல் அறைக்குள் போய், "பூட்டிட்டீங்களா, அத்த?" என்று கேட்டாள். "பூட்டிட்டேம்மா" என்றேன். பூட்டைக் கொண்டியில் தட்டி ஓசையும் காட்டினேன். பிறகு மகனைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டேன்.

"ஒம் பொண்டாட்டிதான் கல்லப் பொரட்டுனா. சிங்கப்பூர் போறவளுக்கு மீன் எதுக்குன்னு கேட்டா."

அவன் அம்மிக் குழவியைத் தூக்கியதைப் பார்த்தேன். அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தேன். அவள் அவனிடம் கெஞ்சவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள், குரல் இருந்தவரைக்கும். போய்ப் பார்த்தபோது முகமே இல்லை. சுவரிலெல்லாம் தெறித்திருந்தது. அவன் கையை நான்தான் கழுவிவிட்டேன்.

அவனைத் தூக்கில் போட்டுவிடாதீர்கள், ஐயா. கல்லைப் புரட்டியது நான், பொய் சொன்னது நான், பூட்டாமல் விட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஆனால் நான் யாரையும் அடிக்கவில்லை. ஒரு தடுப்பை எடுத்தேன், அவ்வளவுதான்.

சிறை இங்கேதானே, பண்டா ஹிலிரில்? சிங்கப்பூர் மாதிரி தூரமில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் சோறு கொண்டுவந்தால் அவனிடம் கொடுப்பார்களா?