பழைய துளையில் மாட்டிய வயர்

மூதூர்ப் படகுக்கான வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள்.

"வயரைத் திரும்பவும் பழைய துளையிலேயே மாட்டி வைப்பம். உன்ட தம்பி வந்து தானாக் கண்டுபிடிக்கட்டும்" என்றார் கணவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒட்டுக் கேட்டேன்.

இங்கே டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பி இவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் புதிய கிராபிக்ஸ் கார்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். திரையில் படம் வரவில்லை. கணவர் தன் வாப்பாவின் முன்னாலேயே அவரை ஏசி அனுப்பிவிட்டார். பிறகு மகள் திரையின் வயரைப் பழைய துளையிலிருந்து கழற்றிப் புதிய கார்டில் மாட்ட, படம் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டருக்கு உயிர் வந்திட்டு, உங்களுக்குத்தான் வாய் வரல்ல. பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?"

"வெக்கமா இருக்கு. அவனாவது வயரைப் பார்த்திருக்கலாமே?"

"பார்த்தவன்தான். மாட்டினது நீங்க. உங்கட வாப்பாவுக்கு முன்னால மச்சானைக் குறைச்சுக் கதைக்க ஏலாதெண்டு பேசாம வந்தவன். இப்பதான் எனக்கே சொன்னான்."

அவர் தலை குனிந்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வரிசை நகர்ந்தது. அவர் விலகி நின்றார்.

"படகு போயிடுமே!"

"போகட்டும். அவன் கடைய எப்ப பூட்டுவான்?"